போலாரத்துப் பச்சைக் காருக்கு ஓட்டெடுப்பு

அந்தக் காரில் எனக்குப் பிடித்தவற்றை முதலில் எழுதிவிடுகிறேன். முன்பக்கம் நீளமாகவும் பின்பக்கம் குட்டையாகவும் இருப்பது. கதவு இடுப்புயரம்கூட இல்லாதது. கம்பிச் சக்கரங்கள். கூரை இல்லாதது. கிளம்பும் முன் தொண்டையைச் செருமிக்கொள்வது போன்ற அந்தச் சத்தம். பிடிக்காதது ஒன்றே ஒன்று: எங்கள் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றிலும் அதன் வயிறு உரசும்.

அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த பச்சை நிற ஸ்போர்ட்ஸ் கார் அது. இரண்டு பேர்தான் உட்காரலாம். ஊரைவிட்டுப் போன ஒரு ராணுவ அதிகாரியிடமிருந்து அதை வாங்கியவர், எங்கள் ஊரின் போலாரம் பகுதியில் இருக்கும் ஓய்வுபெற்ற ரயில்வே அங்கிள். பதினோரு வருடங்களாக அதைச் சரிசெய்துகொண்டே இருக்கிறார். ஞாயிறு காலைகளில் நாங்கள் மூன்று பேர் அவர் வீட்டுக்குப் போவோம். ஒருவர் மௌலா அலியில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஃபோர்மேன். இன்னொருவர் மதுரையிலிருந்து வந்து மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்ப்பவர். மூன்றாவது நான். தார்நாகாவில் ஓர் ஆய்வுக்கூடத்தில் அளவுக் கருவிகளைச் சரிபார்க்கிறேன்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எந்தக் காரைப் பற்றியும் வாயைத் திறக்கும் முன் அதன் ஸ்டீயரிங்கின் பின்னால் ஒரு நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும். இணையத்தில் படித்துவிட்டு வந்து அளப்பவர்களைத் தடுக்க ஃபோர்மேன் போட்ட விதி. இந்தக் காரில் நாங்கள் ஒவ்வொருவரும் பலமுறை அப்படி உட்கார்ந்திருக்கிறோம். ஓட்டுநர் பக்கத்தை மட்டும் திறந்து வைப்பார் அங்கிள். மறுபக்கத்தைக் கேன்வாஸ் துணி மூடியிருக்கும். நடுவில் ஜிப். இந்த வகைக் கார்களில் தனியாகப் போகிறவர்கள் அப்படித்தான் செய்வார்கள் என்பதால் அது எங்களுக்கு அழகாகவே பட்டது.

போன மாதம் ஒரு ஞாயிறு, காப்பித் தட்டோடு வந்த ஆன்ட்டி உள்ளே திரும்பிப் போகவில்லை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். காலனிப் பெண்களோடு டேபிள் டென்னிஸ் ஆடுகிறவர். அவர்கள் சேர்ந்து வாங்கிய மேஜை, பிரிக்காத அட்டைப்பெட்டியில் ஹாலில் சாய்ந்து கிடந்தது. அதை விரிக்க இருந்த ஒரே இடம் கார் நிற்கும் ஷெட்.

"பம்பாய்க்காரர் மறுபடி போன் பண்ணார். இந்த வாட்டி நான் எடுத்தேன்" என்றார் ஆன்ட்டி. "வண்டி வேணும்னு ஒத்தக் கால்ல நிக்கிறார். இவரு, இது லேசுல கிடைக்காத வண்டி, வச்சுக்கணும்ங்கிறார். சரி, நீங்க மூணு பேரும் விஷயம் தெரிஞ்சவங்க. ஏன் வச்சுக்கணும்? மூணு பேரும் ஒரே காரணத்தைச் சொல்லுங்க, மேஜையைத் திருப்பி அனுப்பிடறேன். இல்லேன்னா புதன்கிழமை வண்டி பம்பாய்க்கு."

அங்கிள் சிரித்தபடி, "இவ்வளவுதானே?" என்றார். எங்களைப் பதினோரு வருடம் பார்த்த மனிதர் அப்படிச் சிரித்திருக்கக் கூடாது.

"அபூர்வம், சிஸ்டர்" என்று ஆரம்பித்தார் ஃபோர்மேன். "இதே மாதிரி இன்னொண்ணை இந்த ஊர்ல காட்டுங்க பார்ப்போம். ஆனா அந்த டாக்சி இன்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு அசல் இன்ஜினை வைக்கணும். அப்பத்தான் மதிப்பு."

"அண்ணே, கெடுத்தீங்களே!" என்று மதுரைக்காரர் எழுந்தேவிட்டார். "அசல் இன்ஜினை வச்சு என்ன செய்வீங்க, பூஜையா? பார்ட்ஸ் கிடைக்காத காலத்துல எவனோ ஒரு மெக்கானிக் டாக்சி இன்ஜினை மாட்டி ஓட வச்சான் பாருங்க, அதுதான் மதிப்பு. ஓடுனாத்தான் காரு. ஓடலைன்னா பொம்மை."

"பொம்மையா? உன் எலக்ட்ரிக் ஸ்கூட்டர் பொம்மை."

"அது தினம் ஆபீஸுக்குப் போகுது அண்ணே. உங்க பழைய ஜீப்பு கேட்டைத் தாண்டுச்சா இந்த வருஷம்?"

அங்கிளின் காப்பி ஆறிப்போனது. என் முறை வந்தது. நான் கணினியில் அடித்து வைத்திருந்த நாற்பத்தாறு அம்சப் பட்டியலை எடுத்தேன். அழகு வேறு, அபூர்வம் வேறு, நிலைமை வேறு. ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண் தரவேண்டும், ஒரே காரணம் என்று கேட்பதே சரியான கேள்வி அல்ல என்றேன். மூன்றாவது காரணமும் முளைத்துவிட்டது என்பது அங்கிளின் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

ஆன்ட்டி என் தோளுக்கு மேலாகப் பட்டியலை எட்டிப் பார்த்தார். "பன்னெண்டாவது என்னம்மா?"

"இருக்கைகள். அசல் தோல், தையல் பிரியலை. பத்துக்குப் பத்து."

"எத்தனை சீட்டைப் பார்த்தே?"

நான் காரிடம் போய் நடு ஜிப்பைத் திறந்தேன். கேன்வாஸின் கீழே ஒரு பலகை, அதன்மேல் ஒரு கருவிப்பெட்டி, கார்புரேட்டர் ஒன்று, பழைய செய்தித்தாள். இருக்கை இல்லை. இரண்டு பேர் உட்காரும் காரைப் பற்றி வருடக்கணக்காக வாதிட்டவர்கள் நாங்கள்.

"தரைத் தகட்டை வெல்டிங் பண்ண சீட்டைக் கழட்டினேன்..." என்றார் அங்கிள் மெதுவாக. "திருப்பி மாட்டணும்னு..."

"நாலு வருஷம் ஆச்சு" என்றார் ஆன்ட்டி. "பதினோரு வருஷத்துல நான் இதுல ஒரு நாள் போகலை. கேட்டப்பல்லாம் 'இன்னும் ரெடியாகலை'. சீட்டு எங்கேன்னாவது தெரியுமா யாருக்காவது?"

ஆன்ட்டி மதுரைக்காரரை விலகச் சொன்னார். வராந்தாவில் மதுரைக்காரர் வழக்கமாக உட்காரும் தாழ்வான நாற்காலியின் மேலிருந்த பூப்போட்ட போர்வையை உருவினார். மரப்பெட்டியின் மேல் சிவப்புத் தோல் இருக்கை, அசல் தையலோடு.

"ஐயையோ" என்றார் மதுரைக்காரர். "அதான் இவ்வளவு சுகமா இருந்துச்சா!"

அடுத்த ஒரு மணி நேரம் யாரும் எதையும் வாதிடவில்லை. ஃபோர்மேன் பலகையைக் கழற்றினார். மதுரைக்காரர் குப்புறப் படுத்துத் துளைகளைத் துடைத்தார். நான்கு போல்ட்டுகளை அங்கிள் ஒரு பிஸ்கட் டப்பாவில் பத்திரமாக வைத்திருந்தார். நான் அவற்றை முடுக்கினேன். ஆன்ட்டி புடவையை மாற்றி, டேபிள் டென்னிஸ் ஆடும் டிராக் பேன்ட்டில் வந்து, கதவைத் திறக்காமலே காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்தார்.

கார் செருமியது. தெருவில் இறங்கி, பழைய பங்களாக்களின் பக்கம் திரும்பி மறைந்தது. நாங்கள் மூவரும் கேட்டருகே நின்று சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்தோம். பத்து நிமிடத்தில் வரவேண்டியது முக்கால் மணி நேரமாகியும் வரவில்லை. நின்றுபோயிருக்கும் என்றார் ஃபோர்மேன். டாக்சி இன்ஜின் நிற்காது என்றார் மதுரைக்காரர்.

வந்தபோது ஆன்ட்டியின் தலைமுடி நாலா பக்கமும் பறந்திருந்தது. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவரும் அவர்தான். அங்கிள் பக்கத்து இருக்கையில் கதவை இறுகப் பற்றியபடி சிரித்துக்கொண்டிருந்தார். ஆன்ட்டி இறங்கியதும் போனை எடுத்து, இந்தியில், பம்பாய்க்காரரிடம் வண்டி விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டார்.

"என்ன காரணம் சிஸ்டர்?" என்று ஃபோர்மேன் ஆவலாகக் கேட்டார்.

"நக்கோ, வேண்டாம், சொல்ல மாட்டேன். சொன்னா அதுக்கும் சண்டை போடுவீங்க." பிறகு ஷெட்டைக் காட்டினார். "கார் இனிமே போர்ட்டிகோவுல நிக்கும். மேஜையைத் தூக்குங்க."

தூக்கினோம். மேஜையின் கால்களை நான் மட்டம் பார்த்து முடிப்பதற்குள், போர்ட்டிகோவில் நிற்கும் காருக்குப் பருத்தித் துணியில் உறை தைப்பதா, தார்ப்பாலினா என்று ஃபோர்மேனும் மதுரைக்காரரும் உரக்க வாதிட ஆரம்பித்திருந்தார்கள். ஆன்ட்டி ஆளுக்கொரு மட்டையை நீட்டினார்.

"ஜெயிக்கிறவர் சொல்ற துணி" என்றார்.