போரானுக்குப் போட்ட படம்

முழுநேர மாணவர். இறுதியாண்டு. வேறு தொழில் இல்லை. நீஷ் நகரத்துப் பல்கலைக்கழகப் பதிவில் ஸ்வெதிஸ்லாவ் ரன்ஜெலொவிச் இப்படித்தான் இருக்கிறான். நாற்பது தாண்டிய வயதும், இரண்டு பெண்களும், விடியுமுன் கடை கடையாக ரொட்டி இறக்கும் வேனும் அதில் இடம்பெறவில்லை.

பாக்கி ஒரே தேர்வு: வேதிப்பிணைப்பு. வேடிக்கை என்னவென்றால், அதில் அவன் தோற்றதே இல்லை. வாய்மொழித் தேர்வில் கிடைத்த மதிப்பெண் பிடிக்காவிட்டால் வேண்டாமென்று சொல்லி அடுத்த தவணைக்கு வரலாம். பத்துக்கு ஆறு எடுத்தாலே தேர்ச்சி; மற்றவர்கள் அந்த ஆறை மறுத்து ஒன்பதுக்கு ஆசைப்படுவார்கள். இவன் ஒன்பதையே மறுத்தவன். தனக்குப் புரியாத விஷயத்துக்குக் கொடுத்துவிட்டார்களாம்.

இந்த முறை அந்தச் சொகுசு கிடையாது. பழைய சட்டப்படி சேர்ந்தவர்களுக்கு இதுவே கடைசித் தவணை; மறுத்தால் பெயரை அடித்துவிடுவார்கள், பட்டமும் போச்சு. அவன் புறப்பட்டபோது மனைவி ஸோரிட்சா, காரியம் கைகூட, வழக்கம்போல் அவன் பின்னால் படியில் ஒரு குவளைத் தண்ணீரை ஊற்றினாள்.

"இத்தனை வருஷமா ஊத்தின தண்ணியில ஒரு தோட்டமே போட்டிருக்கலாம். எதைக் கொடுத்தாலும் வாயை மூடிட்டு வாங்கிட்டு வா."

சரியென்று தலையாட்டினான்.

தேர்வாளர் ஒலிவேரா முதலாண்டில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள். அதாவது, அவள் உட்கார்ந்தாள். இவன் ஜன்னலுக்கும் கதவுக்குமாக நடந்துகொண்டிருந்தான். இன்றும் கேள்விச் சீட்டை எடுத்து, நின்றபடியே படித்தான்: போரான் மூலக்கூறு, அதன் பிணைப்புத் தரம். இரண்டு அணுக்கள் சேரும்போது சில எலக்ட்ரான்கள் அவற்றைச் சேர்த்து வைக்கும், சில பிரித்துவிடப் பார்க்கும். சேர்ப்பவற்றின் எண்ணிக்கையில் பிரிப்பவற்றைக் கழித்துப் பாதியாக்கினால் பிணைப்புத் தரம். கரும்பலகையில் எலக்ட்ரான்கள் குடியிருக்கும் ஆர்பிட்டால்களை அடுக்கினான். கீழே சிக்மா என்ற ஒன்று, அதற்கு மேல் ஒரே உயரத்தில் பை என்ற இரண்டு. கடைசி இரண்டு எலக்ட்ரான்களை ஜோடியாகச் சிக்மாவில் போட்டான். விடை ஒன்று.

ஒலிவேரா விடையை மட்டும் பார்த்தாள். எட்டு என்று சொல்லிவிட்டு, அதைப் பதிய அவனுடைய மதிப்பெண் புத்தகத்துக்குக் கையை நீட்டினாள்.

அவன் கொடுக்கவில்லை. ஜன்னல்வரை போய்த் திரும்பினான். போரான் மூலக்கூறைக் காந்தம் இழுக்கும் என்று எங்கோ படித்திருந்தான். ஜோடி சேர்ந்த எலக்ட்ரான்களைக் காந்தம் இழுக்காது. அப்படியானால் அந்த இரண்டும் ஆளுக்கொரு பையில் தனித்தனியாக இருக்க வேண்டும். சிக்மா அவற்றுக்கு மேலே போக வேண்டும்.

"படம் தப்பு," என்றான்.

"விடை ஒண்ணு. நீ சொன்னதும் ஒண்ணு."

"ஒண்ணுதான். ஆனா இது காந்தத்துக்கு அசையாத ஒண்ணு."

ஒலிவேரா பேனாவை மூடி வைத்தாள். "திரும்பவும் வேணாம்னு சொல்லப்போறியா? அடுத்த தவணைன்னு ஒண்ணு இல்லடா. உன்னை இன்னொரு தரம் பார்க்க எனக்கும் தெம்பில்ல."

படியில் ஊற்றிய தண்ணீர் அவனுக்கு ஞாபகம் வந்தது. ஒன்பதை மறுத்ததும்.

அவன் படத்தை அழித்தான், பை இரண்டையும் கீழே இறக்கி ஆளுக்கொரு எலக்ட்ரான் வைத்தான், எட்டை ஏழாகக் குறைக்கச் சொன்னான், அதையே வாங்கிக்கொண்டு போனான்.