கோபம் வராதவளுக்கு எழுதிய மருந்து

மார்பு என்று எழுதினால் மரியாதை. எனக்கு நொந்தது மரியாதை இல்லை, முலை. இடது முலை. காம்புக்குப் பக்கத்தில் கல்லுப் போல ஒரு கட்டு வரும். தோல் சிவந்து கொதிக்கும். பிறகு சீழ் பிடிக்கும். பால் கொடுக்கிற பெண்களுக்கு இது வருவது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். என்னுடைய கடைசி மகள் கொழும்பில் வேலை பார்க்கிறாள். "உமக்கேன் இப்ப பால்கட்டு?" என்று ஒரு பெண் சிரித்துக்கொண்டு கேட்டாள். நான் தையல் வேலை செய்கிறவள். அந்த நேரம் அவளுக்குச் சேலைச் சட்டை அளவெடுத்துக்கொண்டிருந்தேன். அளவு நாடாவைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்தேன்.

நீரிழிவு இருந்தால் இப்படி வரலாமாம், வந்தால் லேசில் ஆறாதாம். ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொன்னார்கள். சீனியைக் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள், வீக்கம் கண்டவுடன் ஓடிவா. அவ்வளவுதான். நானும் வைத்துத்தான் பார்த்தேன். சீனி வருத்தத்துக்குத் தந்த குளிசையை நேரம் தவறாமல் போட்டேன். சோற்றைக் குறைத்தேன். தேத்தண்ணீரை வெறுமனே குடித்தேன். நாங்கள் இருப்பது நீர்வேலியில், வாசலைத் தாண்டினால் எங்களுடைய வாழைத் தோட்டம். கணவர் குலை வெட்டிச் சந்தைக்கு ஏற்றுகிறவர். பழுத்த கதலியின் மணம் விறாந்தை முழுக்க நிற்கும், நான் நாக்கைக் கடித்துக்கொண்டு மெசினை மிதிப்பேன். என்ன பிரயோசனம்? கட்டு வந்தது. வெட்டினார்கள். ஆறிய பிறகு அதே இடத்தில் திரும்பவும் வந்தது. திரும்பவும் வெட்டினார்கள்.

வெட்டும்போது மயக்க மருந்து, ஒன்றும் தெரியாது. அதற்குப் பிறகுதான் இருக்கிறது கூத்து. காயத்தின் பள்ளத்துக்குள் துணியைத் திணிப்பார்கள், அடுத்த நாள் அதை இழுத்து எடுத்துவிட்டுப் புதிதாகத் திணிப்பார்கள். படிக்கிற டொக்டர்மார் கட்டிலைச் சுற்றி நிற்பார்கள். அவர்களும் படிக்கத்தானே வேண்டும், குறை சொல்லவில்லை. ஆனால் அவர்களில் ஒருவர் என் முகத்தை ஒரு தரமும் பாராமல் முலையைப் பார்த்தே "வணக்கம் அம்மா" என்றார். நான் என்ன செய்வது, வணக்கம் என்றேன்.

புற்றுநோய் இல்லை என்று சோதித்துச் சொல்லியிருந்தார்கள். அந்த மட்டில் நிம்மதி. ஆனால் வீட்டுக்கு அனுப்பும்போது சத்திரசிகிச்சை டொக்டர் இன்னொன்றும் சொன்னார். மூன்றாம் தரமும் வந்தால் உள்ளே இருக்கிற பால் குழாய்களையே எடுக்க வேண்டி வருமாம், பிந்தி வந்தால் காம்பைக் காப்பாற்ற முடியுமோ தெரியாதாம். அன்றிலிருந்து எனக்கு இருந்த கவலை அது ஒன்றுதான். குளிக்கும்போது தொட்டுப் பார்ப்பேன். இருக்கிறது. கணவரின் அக்காவிடம், என்னுடைய மச்சாளிடம், இந்தப் பயத்தைச் சொன்னேன். அவர் பயற்றங்காயை முறித்துக்கொண்டே சொன்னார்: "பிள்ளையள் வளந்திட்டினம். இனி அது என்னத்துக்கு?"

எனக்கு, என்று சொல்ல நினைத்தேன். எனக்காக இருக்கக் கூடாதா?

இப்படிச் சொன்ன அதே மச்சாள்தான் எங்களைச் சாவகச்சேரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஓர் ஓமியோபதி வைத்தியர். மச்சாளின் முழங்கால் நோவை மாற்றியவர் என்று பேர். உண்மையில் முழங்கால் இன்றைக்கும் நொண்டுகிறது, அதைப் பற்றி யாரும் கதைப்பதில்லை. இடது பக்கம் மறுபடி விறைக்கத் தொடங்கியிருந்த நேரம் அது. கத்தி இல்லாமல் மாறும் என்றால் யார்தான் போகமாட்டார்கள்? நானும் ஆசையோடுதான் போனேன்.

கடைத்தெருவுக்குப் பின்னால் மின்விசிறி மெல்லச் சுற்றுகிற ஒரு சின்ன அறை. அவர் என்னை உடுப்புக் கழற்றச் சொல்லவில்லை. அந்த ஒன்றுக்காகவே அவரைப் பிடித்துவிட்டது. நோய்க்கு மருந்து கொடுப்பதில்லை, ஆளுக்குத்தான் மருந்து என்றார். ஆள் எப்படிப்பட்ட ஆள், எதற்குப் பயம், எதற்கு அழுகை, எந்தப் பக்கம் சரிந்து படுக்கிறது, எல்லாம் அவருக்குத் தெரிய வேண்டுமாம். என் வாழ்நாளில் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. எந்தப் பக்கம் படுக்கிறாய் என்று பெற்ற தாயும் கேட்டதில்லை. எங்கே தொடங்குவது என்று யோசித்து வாயைத் திறந்தேன்.

"வலப்பக்கம்தான் டொக்டர்," என்றார் கணவர்.

நான் படுப்பது இடப்பக்கம். கட்டு வந்த பிறகு எந்தப் பக்கமும் இல்லை.

"இடி, மின்னல் எண்டால் எப்பிடி? பயமோ?"

"சரியான பயம்."

இடிக்குப் பயம் அவருக்கு. வானம் இருண்டால் ரீவி வயரைக் கழற்றிவிட்டு நடு அறையில் குந்தியிருக்கிறவர் அவர். தோட்டத்தில் காயப்போட்ட உடுப்பை அந்த இடிக்குள் ஓடிப்போய் எடுத்து வருகிறவள் நான்.

"டக்கெண்டு அழுவாவோ?"

"ஓம் டொக்டர். நல்ல இளகின மனம்."

"கோபம்?"

கணவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இவவுக்குக் கோபமெண்டால் என்னெண்டே தெரியாது. கலியாணம் கட்டின நாளிலை இருந்து ஒரு சொல்லுச் சொன்னதில்லை."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் மறக்கமாட்டேன். மனிதர் கெட்டவர் இல்லை. எனக்காகத் தோட்ட வேலையைப் போட்டுவிட்டு வந்தவர். காயத்துக்குக் கட்டிய சீலையைக் கையால் துவைத்துக் காயப்போட்டவர். ஆனால் இத்தனை வருசம் ஒரே வீட்டில் இருந்து இவர் யாரைப் பார்த்துக்கொண்டிருந்தார்? முன் அறையில் எந்த நேரமும் சட்டை தைக்க வந்த பெண்கள் இருப்பார்கள். அவர்களை வைத்துக்கொண்டு கத்த முடியுமா? வந்த கோபத்தை எல்லாம் நூலோடு சேர்த்துப் பல்லால் கடித்துத் துப்பினேன். அதைத்தான் அவர் இளகிய மனம் என்கிறார்.

"நான் அழுகிறேல்லை டொக்டர்," என்றேன்.

மச்சாள் என் முழங்கையைத் தடவினார். "எல்லாத்தையும் மனசுக்குள்ளை போட்டு வைச்சிருக்கிறவ. வாய் திறந்து சொல்லமாட்டா."

வைத்தியர் தலையை ஆட்டினார். "அடக்கி வைக்கிற ஆள். எனக்குப் பாத்தவுடனை விளங்கினது."

நான் இல்லை என்று சொன்னதே ஓம் என்பதற்குச் சாட்சியாகப் போய்விட்டது. அதற்கு மேல் என்ன சொன்னாலும் அந்தக் கணக்கில்தான் சேரும் என்று தெரிந்தது. அழுகிற, இடிக்குப் பயப்படுகிற, கோபமே வராத ஒருத்திக்கு அவர் அளவெடுத்து மருந்து தெரிவு செய்தார். அளவு பிழைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். நான் செய்கிற தொழில் அதுதானே. யாரோ ஒருத்தியின் சட்டையை எனக்குப் போட்டு அனுப்பினார்கள்.

சின்னப் போத்தலில் கடுகை விடக் கொஞ்சம் பெரிய வெள்ளை உருண்டைகள். நாக்குக்குக் கீழே வைத்தால் இனித்தது. "இது சீனியோ?" என்று கேட்டேன். பாலில் இருந்து எடுக்கிற சீனி, இந்தத் துளியளவு ஒன்றும் செய்யாது என்றார் வைத்தியர். செய்யாதுதான். ஆனால் வாழைப்பழத்தை மணந்து மட்டும் பார்த்த எனக்கு அந்த வருசம் கிடைத்த ஒரே இனிப்பு அதுதான். சொன்ன நேரத்துக்கு முதலே போத்தலைத் தேடுவேன். வெட்கம் கெட்ட நாக்கு.

அதோடு சில தடைகள். கோப்பி கூடாது, பச்சை வெங்காயம் கூடாது, நோவுத் தைலம் கூடாது, கற்பூரம் மணக்கவே கூடாது. கற்பூரம் மருந்தின் சக்தியை முறித்துவிடுமாம். கணவர் அன்றைக்கே சாமி அறையில் இருந்த கற்பூர டப்பாவை எடுத்துத் தோட்டக் கொட்டிலில் வைத்தார். ஒன்றைச் செய்வது என்றால் அவர் ஒழுங்காகச் செய்வார்.

கட்டு வளர்ந்தது. முதலில் பாக்களவு, பிறகு எலுமிச்சங்காயளவு. விரல் குத்திச் சீனி பார்க்கிற மெசினில் கணக்கு ஏறிக்கொண்டே போனது. என்னுடைய சட்டைகளின் இடது பக்கத் தையலைப் பிரித்து விட்டேன். கணவர் வைத்தியருக்குப் போன் எடுத்தார். மருந்து வேலை செய்கிறது என்று பதில் வந்தது. நோய் முதலில் கிளம்பித்தான் பிறகு அடங்குமாம், இப்போது ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் செய்ததெல்லாம் வீணாம். கணவரின் முகம் தெளிந்தது. நோகிறவள் நான், தெளிந்தது அவர்.

"ஆஸ்பத்திரிக்குப் போவம்," என்றேன்.

"கொஞ்சம் பொறும். டொக்டரை இன்னொருக்கால் கேப்பம்."

கேட்டார். இந்த முறை அந்தப் பக்கத்தில் இருந்து ஒரு கேள்வி வந்தது. கோயிலுக்குப் போனேனா என்று. வெள்ளிக்கிழமை பிள்ளையார் கோயிலுக்குப் போயிருந்தேன். சந்நிதியில் நின்று, காம்பு தங்க வேண்டும் என்று கும்பிட்டேன். இதற்கும் பிள்ளையாரையா பிடிப்பது என்று எனக்கே கூச்சம், ஆனாலும் வேறு யாரிடம் கேட்பது? கற்பூரத் தீபத்தைக் கண்ணில் ஒற்றினேன். பக்கத்தில் இருந்த மச்சாள் நான் கோயிலுக்குப் போனதைப் போனுக்குள் எட்டிச் சொன்னார்.

"அதுதான்," என்றாராம் வைத்தியர். கற்பூரம் மருந்தை முறித்துவிட்டது. இனி முதலில் இருந்து தொடங்க வேண்டும்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். குற்றவாளி அகப்பட்டுவிட்டாள்.

நீ தனியாக ஓட்டோ பிடித்துப் போயிருக்கலாமே என்று இப்போது கேட்பவர்கள் கேட்கலாம். காய்ச்சலில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. கணவர் புதுப் போத்தல் வாங்கச் சாவகச்சேரிக்குப் போயிருந்தார். ஒரு கலியாணச் சட்டை முடிக்கக் கிடந்தது என்று மெசினுக்கு முன்னால் போய் இருந்தேன். நடுக்கத்தில் ஊசி துணியில் விழவில்லை. சட்டைக்குச் சொந்தக்காரி வந்தாள். பால்கட்டு என்று சிரித்தவளேதான். என் நெற்றியில் கை வைத்தாள். ஒரு கதையும் கதைக்கவில்லை, யாரையும் கேட்கவும் இல்லை. தெருவில் போன ஓட்டோவை மறித்து, என்னை ஏற்றி, தானும் ஏறினாள். வழி முழுக்க என் தலை அவளுடைய தோளில் கிடந்தது. அவளுக்கு நன்றி சொல்ல வேண்டி வந்ததும் எனக்குக் கசப்பாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

"முதலே வந்திருக்கலாமே அம்மா," என்றார் சத்திரசிகிச்சை டொக்டர்.

கணவர் அதற்குள் வந்து சேர்ந்துவிட்டார். நான் வாயைத் திறக்க முதல், "இவவுக்கு ஆஸ்பத்திரியெண்டால் பயம் டொக்டர்," என்றார். கையில் புதுப் போத்தல்.

வெட்டி முடிந்து கண் விழித்தபோது, சுற்றியிருந்த துணிக்கட்டின் கனத்திலேயே தெரிந்தது. ஆனாலும் துணி மாற்றும் நாளில் குனிந்து பார்த்தேன். காம்பு இருந்த இடத்தில் உள்வாங்கிய ஒரு கோடு. அதற்கும் எனக்கு அழுகை வரவில்லை. வந்தது கோபம். இத்தனை வருசம் நூலோடு கடித்துத் துப்பியது எல்லாம் திரும்பி வந்தது.

வீட்டுக்கு வந்தும் அது அடங்கவில்லை. முன் அறையில் ஆட்கள் இருக்கிறார்களா என்று பார்க்காமல் கத்தினேன். மச்சாள் கஞ்சி கொண்டுவந்தார். "நீங்கள் உங்கடை முழங்காலைப் பாருங்கோ," என்று சொல்லித் திருப்பி அனுப்பினேன். கொட்டிலில் கிடந்த கற்பூர டப்பாவை எடுத்து வந்து சாமி அறையில் அள்ளிப் போட்டுக் கொளுத்தினேன். வீடெல்லாம் புகை. கணவர் இருமிக்கொண்டு வெளியே போனார். சரியாக விளங்காத முகத்தோடு கொஞ்ச நாள் என்னையே பார்த்துக்கொண்டு திரிந்தார். பிறகு ஒரு நாள் பின்னேரம், எனக்கு முன்னாலேயே, வைத்தியருக்குப் போன் எடுத்தார். பக்கத்தில் இருந்த எனக்கும் இரண்டு பக்கமும் கேட்டது.

"இப்ப ஆள் எப்பிடி?"

"ஆள் மாறிட்டா டொக்டர். தொட்டதுக்கெல்லாம் கோபம். அழுகிறாவே இல்லை."

"அப்ப குணம் மாறியிருக்கு. மருந்தை மாத்தவேணும்."

"போனைத் தாங்கோ," என்றேன்.

தந்தார்.

"டொக்டர், என்ரை குணம் மாறேல்லை. நான் எப்பவும் கோபக்காரிதான். அழுகிறேல்லை எண்டு உங்களுக்கு முன்னாலை இருந்து சொன்னனான்."

அவர் மிகத் தன்மையாகச் சொன்னார்: "அதை அண்டைக்கே வடிவாய்ச் சொல்லியிருக்கலாமே அம்மா."

போனை நிறுத்திக் கணவரின் கையில் வைத்தேன். கடைசி வசனம் அவருக்குக் கேட்கவில்லை போலும்.

"என்னவாம்? மருந்து மாத்துறாராமோ?"

"மருந்து சரியாம்," என்றேன். "ஆள்தான் பிழையாம்."

அவர் அலுமாரிக்கு மேல் இருந்த போத்தலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்து, உள்ளே எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று பார்த்தார்.

"அப்ப பழைய குளிசையையே தொடர்ந்து போடுவமோ?" என்று கேட்டார்.