வானுக்கு ஒரு விண்ணப்பம், வேலிக்கு ஒரு விண்ணப்பம்

காலை எட்டேகால் மணி, ஏழு பெண்கள், ஓட்டோக்காரர் யோகன். கரவெட்டியில் எங்கள் சங்கத்தின் நாள் இப்படித்தான் தொடங்கும். நடக்க முடியாத பெண்களுக்குத் தையலும் கணினியும் படிப்பிக்கிற சிறு நிலையம் எங்களுடையது. யோகன் மூன்று நடையில் எல்லாரையும் கொண்டுவந்து சேர்ப்பார். எட்டாவது ஆள் சுகிர்தா. அவரைத் தகப்பன்தான் தூக்கி ஓட்டோவில் இருத்துவார். தகப்பனுக்கு நாரி பிடித்து இடுப்பு நிமிர முடியாமல் போன நாளிலிருந்து சுகிர்தா வீட்டோடு. சக்கர நாற்காலியை அப்படியே உருட்டி ஏற்றக்கூடிய வான் ஒன்று இருந்தால் அவர் திரும்பவும் வரலாம். அதற்காக, வெளிநாடுகளில் இருக்கும் ஒரு குடும்பம் தாயின் நினைவாக நடத்தும் அறக்கட்டளைக்கு விண்ணப்பித்தோம்.

நான் யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் செய்தி திருத்திக்கொண்டிருந்தவன். ஓய்வு பெற்ற கையோடு செயலாளராக்கிவிட்டார்கள். கை நீட்டாமல் கேட்கும் தொழில் இது என்பது, சிறு சங்கங்களில் என்னைப் போல மாட்டுப்பட்டவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஐந்தாம் கேள்வி

படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. தலைவி கிறேஸ் மிஸி இளைப்பாறிய தாதி, மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவர். அவர் கேள்வியைத் தமிழில் சொல்வார், நான் பதில் எழுதுவேன். அதை அவர் ஆங்கிலமாக்க, சுகிர்தா வீட்டிலிருந்தபடி மடிக்கணினியில் அடிப்பார். ஐந்தாம் கேள்வி: "உதவி கிடைக்காவிட்டால் என்ன நடக்கும்?" நான் அரைப் பக்கம் எழுதினேன். மிஸி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "இதென்ன, மரண அறிவித்தல் மாதிரிக் கிடக்கு. எல்லாத்தையும் வெட்டிப்போட்டு, எப்பிடியும் சமாளிப்பம் எண்டு எழுதுங்கோ. அதுதானே உண்மை?"

வெட்டினேன். அன்று பின்னேரம் சுகிர்தா மிஸியின் தொலைபேசியில் வந்தார். "சமாளிப்பம் எண்டு எழுதினா ஆர் மிஸி வான் தருவினம்? நான் எட்டு மாசமாச் சமாளிச்சுக்கொண்டுதானே இருக்கிறன்."

முதல் கையெழுத்து

ஊர்மக்களின் ஆதரவுக் கடிதம் ஒன்றும் கேட்டிருந்தார்கள். "இச்சேவைக்கு எம்மாலான சகல ஒத்துழைப்பையும் நல்குவோம்" என்று பத்திரிகைத் தமிழில் எழுதிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். முதலில் கையெழுத்திட்டவர் சிவபாதம். அரசாங்கக் கச்சேரி அலுவலகத்தில் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர், சுகிர்தாவின் அயல் வீட்டுக்காரர். இரண்டு தரம் வாசித்து, ஒரு காற்புள்ளியைத் திருத்தி, தன் பழைய பதவியையும் கீழே எழுதினார். "எங்கடை பிள்ளைக்குப் போடாத கையெழுத்தை வேறை ஆருக்குப் போடுறது, தம்பி?"

நாலு நாட்டிலிருந்து

அடுத்தது கணினித் திரையில் நேர்முகம். அந்தத் தாயின் நாலு பிள்ளைகள், நாலு நாடு, நாலு நேரம். ஒருவர் போர்வைக்குள் இருந்தார், ஒருவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சாய்தளத்தின் சரிவு, எரிபொருள், சாரதி அனுமதிப்பத்திரம் என்று பதில்களைப் பாடமாக்கி வைத்திருந்தோம். ஒன்றும் கேட்கவில்லை. தாயின் பெயரை வானின் பக்கத்தில் எழுதுவதா பின்னால் எழுதுவதா என்பதில் மூத்த மகனுக்கும் இரண்டாவது மகனுக்கும் வாக்குவாதம் பிடித்துக்கொண்டது. கோயில் மணிக்கூட்டிலும் மின்விசிறியிலும் "உபயம்" என்று எழுதி வளர்ந்த ஊர்க்காரர்கள், குற்றம் சொல்ல முடியாது. மிஸியும் நானும் முக்கால் மணித்தியாலம் தலையாட்டினோம். கடைசி மகள்தான் முடித்து வைத்தார். "அம்மா வானுக்குள்ளை ஏறினாலே ஓங்காளிச்சுச் சத்தி எடுப்பா, அண்ணை. அவவின்ரை பேரை அதிலை எழுதி என்ன செய்யப்போறியள்?"

வாடகைக் கதிரை

அந்தக் கடைசி மகள் ஊருக்கு வந்தபோது நிலையத்தைப் பார்க்க வருவதாகச் சொன்னார். பிறகு நடந்ததை ஒருவரும் திட்டமிடவில்லை. வீட்டுக்கு ஆள் வருகிறது என்றால் நாங்கள் என்ன செய்வோமோ அதைச் செய்தோம். உட்கார முடியாத உடைந்த கதிரைகள் கொட்டிலுக்குள் போயின. வாடகைக்கு நாற்பது கதிரை வந்தது. மிஸி தன் வீட்டு யன்னல் சீலைகளைக் கழற்றிக்கொண்டு வந்து கட்டினார். ஏழு பெண்களும் திருவிழாச் சேலையும் சங்கிலியுமாக இருந்தார்கள். ரோல்ஸ், வடை, கேக், இளநீர்.

வந்தவர் சுற்றிப் பார்த்தார். "நல்ல வசதியாத்தானே இருக்கிறியள்" என்றார். மிஸி என்னைப் பார்த்தார், நான் கேக்கைப் பார்த்தேன். இத்தனை மாதத்து உழைப்பு இரண்டு யன்னல் சீலையில் தொங்கியது. அந்த நேரம் பார்த்துக் கதிரைக்காரர் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினார். "மிஸி, கதிரையளை ஏத்தட்டே? மூண்டு மணிக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வீட்டிலை குடுக்கோணும்."

வளைவு

வந்தவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். பிறகு கொட்டிலைத் திறந்து பார்த்தார். அதன் பிறகு சுகிர்தாவின் வீட்டைக் காட்டச் சொன்னார். யோகனின் ஓட்டோவில் போனோம். சுகிர்தாவின் வீட்டுக்குப் போகும் ஒடுங்கிய பாதையான ஒழுங்கையின் வளைவில் வந்தவர் இறங்கி, இந்தப் பக்க மதிலிலிருந்து அந்தப் பக்க வேலி வரை அடியால் அளந்தார். ஓட்டோ போகும், வான் போகாது. படிவத்தில் "எதிர்பார்க்கும் தடைகள்" என்ற இடத்தில் நான் "ஒன்றுமில்லை" என்று எழுதியிருந்தேன். தினமும் ஓட்டோவில் போனவர்களுக்கு ஒழுங்கை அகலமாகத்தான் தெரிந்தது. வான் வாசல் வரை வரும் என்று எழுத்தில் தந்தால்தான் சகோதரர்களிடம் சொல்ல முடியும் என்றுவிட்டு அவர் போனார்.

வேலி சிவபாதத்தினுடையது. பூவரசங் கம்புகளை வேர்விடும் கதியால்களாக நெருக்கி நட்டது. அது வருடத்துக்கு ஒரு விரல் வெளியே வந்ததாக ஒழுங்கைக்காரர் சொல்வார்கள். ஒழுங்கைதான் உள்ளே வந்ததாக அவர் சொல்வார். வளைவில் வேலியை இரண்டடி உள்ளே தள்ளி நடச் சொல்லி, அவர் முதலாவதாகக் கையெழுத்திட்ட கடிதத்தின் பிரதியோடு போனேன். சகல ஒத்துழைப்பும் என்ற வரியைத் தொட்டுக் காட்டினேன். அவர் கடிதத்தை மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "தம்பி, அது கடிதம். இது கதியால்."

இரண்டு பக்கம்

மூன்று தரம் போனேன். மிஸி ஒரு தரம் கேக்கோடு போனார். கேக்கை வாங்கிக்கொண்டார். காணி உறுதி எழுதும் நொத்தாரிசைக் கேட்காமல் ஒரு முடிவும் சொல்ல முடியாதாம்.

சுகிர்தா எங்களைக் கேட்கவில்லை. அறக்கட்டளையின் படிவத்தில் இருந்த அதே தலைப்புகளைத் தமிழில் போட்டுச் சிவபாதத்துக்கு ஒரு விண்ணப்பம் அடித்து, தாயிடம் கொடுத்தனுப்பினார். பயனடைவோர்: ஒருவர். கோருவது: வளைவில் இரண்டடி. காலம்: வான் ஓடும் வரை. உரித்து: நிலம் தங்களுடையதே, விரும்பியபோது வேலியைத் திரும்ப நடலாம். ஐந்தாம் கேள்வி, உதவி கிடைக்காவிட்டால் என்ன நடக்கும்? பதில்: வீட்டிலேயே இருப்பேன்.

சிவபாதம் மூன்று நாள் எடுத்தார். நாலாம் நாள் பென்சிலும் தாள்களுமாகச் சுகிர்தாவின் வீட்டுக்கே வந்தார். நானும் அங்கே இருந்தேன். ஒவ்வொரு பதிலுக்கும் பக்கத்தில் சரி போட்டிருந்தார். ஐந்தாம் பதிலுக்கு மட்டும் போடவில்லை. எங்களுக்கு முன்னால் அதை இன்னொரு தரம் வாசித்தார், பிறகு சரி போட்டார். போக எழும்பியவர் வாசல் படலையடியில் நின்று திரும்பினார். "பக்க இலக்கம் போடேல்லை, பிள்ளை. போட்டு, வான் வந்த பிறகு அதிலை ஏறிக் கொண்டுவந்து தா."

வேலி இரண்டடி உள்ளே போனது, வான் வாசல் வரை வரும் என்று எழுத்தில் கொடுத்தோம், வானும் வந்தது. அறக்கட்டளைக்கு முப்பத்திரண்டு பக்கம் எழுதி நான் வானை ஒழுங்கை முகப்பு வரைதான் கொண்டுவந்தேன், வாசலுக்குக் கொண்டுபோக ஒரு பெண்ணின் இரண்டு பக்கம் தேவைப்பட்டது. பங்குனி மாதம் இரண்டாவது திங்கட்கிழமை காலை எட்டேகாலுக்கு யோகன், சுகிர்தாவை ஏற்றிக்கொண்டு, வானைச் சிவபாதத்தின் படலையில் நிறுத்தினார். சுகிர்தா பக்க இலக்கம் போட்ட தாள்களை யன்னலால் நீட்டினார்.