கரிவாயு பஸ்ஸும் என் தங்கையின் முகூர்த்தமும்

புதிய யந்திரம் ஒன்று ஊருக்குள் வரும்போது அதன் பெருமையைச் சொல்லப் பலர் முன்வருகிறார்கள். அதற்கு எது ஆகும், எது ஆகாது, எந்த இடத்தில் அது கைவிடும் என்று சொல்லத்தான் ஒருவரும் கிடைப்பதில்லை. இந்த அபிப்பிராயம் எனக்குப் புத்தகத்தினால் உண்டானதன்று. யுத்த காலத்தில், என் தங்கையின் கல்யாணத்தன்று, ஆர்.கே.பேட்டையைத் தாண்டிய ஓர் ஏரிக்கரையில் நின்றபோது உண்டானது.

அந்நாட்களில் எங்கள் பக்கத்துக்குப் புதுமைகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தன. திருத்தணிக் கடைத்தெருவில் ஓர் ஓட்டலில் ரேடியோ வைத்தார்கள். பர்மாவில் சண்டை எப்படி நடக்கிறது என்று அறியப் பல ஊர்க்காரர்கள் அதன் முன்னே கூடுவார்கள். பெரும்பாலும் கரகரவென்ற ஓசைதான் வரும். கேட்டவர்கள் அவரவர் பயத்துக்குத் தக்கபடி அதற்கு அர்த்தம் செய்துகொண்டு ஊர் திரும்புவார்கள். ஒரே செய்தி பள்ளிப்பட்டுக்கு ஜயமாகவும் எங்கள் கிராமத்துக்குத் தோல்வியாகவும் வந்து சேர்ந்ததுண்டு. அரிசி மில் வந்தது. மல்லிகைப்பூப் போன்ற அரிசி என்று எல்லோரும் மெச்சினார்கள். தவிடு முழுவதும் போன அந்தச் சோற்றைத் தின்று ஏர் பிடித்தவர்களுக்கு உச்சிப்பொழுதுக்கு முன்பே பசித்தது. அதை யாரும் மில்லின் குறையாகச் சொல்லவில்லை. தங்கள் வயிற்றின் குறையாகவே எடுத்துக்கொண்டார்கள்.

இவை எல்லாவற்றையும்விட அதிகப் புகழ் பெற்றது கரிவாயு பஸ். பெட்ரோலுக்குக் கட்டுப்பாடு வந்து பஸ்கள் ஒவ்வொன்றாக நின்றபோது, பின்புறத்தில் ஆள் உயர இரும்பு உருளை ஒன்றைப் பொருத்தி அவற்றை மறுபடி ஓட்டினார்கள். உருளையில் அடுப்புக்கரியைக் கொட்டி நெருப்பு மூட்டி, ஒரு விசிறியைக் கையால் சுற்றவேண்டும். அதிலிருந்து எழும் வாயு, தேங்காய் நார் அடைத்த பெட்டி ஒன்றின் வழியாக வடிகட்டப்பட்டு இஞ்சினுக்குப் போகும். கேட்பதற்கு மிக எளிமையாக இருந்தது. கேட்பதற்கு எளிமையாக இருப்பவற்றின்மீது எனக்கு அதன் பின்பு எப்போதும் ஒரு சந்தேகம் இருந்துவருகிறது.

அந்த பஸ்ஸுக்கு எங்கள் குடும்பத்தில் வாய்த்த பக்தர் என் தாய்மாமன். திருத்தணியில் வெற்றிலை வியாபாரம் செய்துவந்தார். ஆகையால் எந்தப் புதுமையையும் எங்களுக்கு முன்னால் பார்த்துவிடுவார். தங்கையின் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டார் அனைவரையும் அந்த பஸ்ஸிலேயே திருத்தணி மலைக்கோயிலுக்கு அழைத்துப்போவது என்று அவர்தான் முடிவு செய்தார்.

"அக்கா, பெட்ரோல் இனிமே யாருக்கு வேணும்? காட்டுல மரம் இருக்கிற வரைக்கும் வண்டி ஓடும்" என்றார்.

"மரத்தை எரிச்சா அடுப்பு எரியும். வண்டி எப்படிடா ஓடும்?" என்றாள் அம்மா.

"அதான் சயன்ஸ்."

"அந்த சயன்ஸ் முகூர்த்தத்துக்குள்ள மலைக்குப் போய்ச் சேருமா?"

"இன்னாக்கா இப்படிக் கேக்கற? மாட்டுவண்டி கட்டிகினு போனா முந்தின நாளே கெளம்பணும். இதுல விடிஞ்சி கெளம்பினாலும் மலைமேல போய் காபி குடிச்சிகினு உக்காந்திருக்கலாம்."

அம்மா அவ்வளவு அழுத்திக் கேட்டதற்குக் காரணம் உண்டு. மாப்பிள்ளை திருத்தணிக்காரர்; பட்டாளத்தில் சேர்ந்து அஸ்ஸாம் பக்கம் இருந்தார். லீவு முடிந்து, கல்யாணத்துக்கு மறுநாளே அவர் ரயிலேறவேண்டியிருந்தது. அன்றைய முகூர்த்தம் ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்தம். அதற்குப் பின் ஆடி. அன்று தாலி ஏறாவிட்டால் அவர் திரும்பி வரும் வரையில் காத்திருக்கவேண்டும். அவர் திரும்பி வருவாரா என்ற கேள்வியை எங்கள் வீட்டில் ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை. பட்டாளத்துக்காரனுக்கு இப்போது எதற்கு அவசரமாகப் பெண்ணைக் கொடுக்கவேண்டும் என்று உறவினர் சிலர் சொன்னதற்கு என் தங்கையே பதில் சொல்லியிருந்தாள்: "அங்க போறவருக்கு, வீட்டுல ஒருத்தி காத்துகினு இருக்கான்னு தெரிய வேணாவா?"

கல்யாணத்தன்று விடியும்போது பஸ் எங்கள் கிராமத்துச் சாவடி முன் வந்து நின்றது. டிரைவர் கரி கொட்டி, விசிறியைச் சுற்றி, உருளை நன்றாகக் கனன்ற பின்பு இஞ்சினுக்குத் தண்ணீர் கொண்டுவரக் கிணற்றுக்குப் போனார். அதற்குள் மாமா பஸ்ஸுக்குப் பூஜை தொடங்கிவிட்டார். முகப்பில் மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்தார். சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தார். கற்பூரம் காட்டினார். இவ்வளவும் எந்த வண்டிக்கும் நாங்கள் செய்வதுதான். ஆனால் இந்த வண்டியில் நெருப்பு இருந்தது. நெருப்பு இருக்கும் இடத்தில் ஒன்றும் இடாமல் கும்பிடும் வழக்கம் எங்கள் பக்கத்தில் கிடையாது. மாமா உருளையின் மூடியைத் துணியால் பிடித்துத் திறந்து, கல்யாணத்துக்கென்று வாங்கிய சாம்பிராணியில் ஒரு கை நிறைய அள்ளி உள்ளே போட்டு, மூடியை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெண்கள் "அரோகரா" என்றார்கள். பஸ் ஊர் எல்லை வரையில் கோயில் மணத்தோடு சென்றது. அதுவரையில் யாருக்கும் ஒரு குறையும் தோன்றவில்லை.

ஆர்.கே.பேட்டை வரையில் நன்றாகவே ஓடியது. பிறகு இரைப்பு நோய்க்காரனைப்போல் இழுக்கத் தொடங்கியது. ஒரு சிறு மேட்டில் ஆண்கள் எல்லோரும் இறங்கித் தள்ளினோம். அடுத்த மேட்டில் பெண்களும் இறங்கினார்கள். ஏரிக்கரையில் ஏறியதும் ஒரு முறை குலுங்கி நின்றுவிட்டது.

டிரைவர் நார்ப்பெட்டியைத் திறந்தார். உள்ளே இருந்த நார் முழுவதும் கறுத்த பிசினில் ஊறிக் கெட்டியாக ஒட்டியிருந்தது. அதை முகர்ந்து பார்த்து எங்கள் பக்கம் திரும்பினார்.

"கரியில இன்னா கலந்தீங்க? இது இன்னா வாசனை?"

"வாசனை நல்லாத்தானே இருக்குது?" என்றார் மாமா.

"சாம்பிராணி போட்டீங்களா?"

"ஆங், ஒரு கைதான். சாமிக்குப் போடற மாதிரி."

"ஐயோ நைனா! இது சாமியில்ல, இஞ்சின்! வெறுங்கரியத் தவிர இதுக்கு எதுவும் ஆவாது. குழாய் பூரா பிசின் புடிச்சிகினு நிக்குது, பாருங்க!"

"ஆவாதுன்னா நீ முன்னாடியே சொல்லியிருக்கணும்."

"வண்டியில எச்சில் துப்பாதீங்கன்னு சொல்லுவேன், பீடி குடிக்காதீங்கன்னு சொல்லுவேன். சாம்பிராணி போடாதீங்கன்னு எந்த டிரைவராவது சொல்லுவானா?"

அந்த நிலையிலும் பெண்களில் சிலர் சிரித்துவிட்டார்கள். இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது என்பதே என் எண்ணம். அந்த உருளையைச் செய்தவர்கள் மழையை நினைத்திருப்பார்கள், மேட்டை நினைத்திருப்பார்கள், எங்களை நினைக்கவில்லை. நெருப்பைக் கண்டால் கும்பிடும் ஜனங்களிடம் நெருப்பில் ஓடும் வண்டியைக் கொடுத்தவர்கள், கொடுப்பதற்கு முன் அந்த ஜனங்களோடு ஒரு நாளாவது பழகியிருக்கவேண்டும். யந்திரத்தின் சக்தியைப் பற்றி மாமா அவ்வளவு பேசினார். அதன் சுபாவத்தைப் பற்றி அவருக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

உருளை ஆறவேண்டும், குழாயைச் சுரண்டவேண்டும், புது நார் தேடவேண்டும். முகூர்த்தத்துக்குள் முடியாது என்று டிரைவர் மறைக்காமல் சொன்னார். என் தங்கை மஞ்சள் பூசிய முகத்தோடு பனைமர நிழலில் நின்று பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் எங்களுக்குச் சிறிது ஆறுதலாக இருந்திருக்கும்.

அப்போது பின்னாலிருந்து ஒரு சைக்கிள் வந்தது. அம்மையார்குப்பத்து நெசவாளர் ஒருவர், கேரியரில் சேலை மூட்டையைக் கட்டிக்கொண்டு திருத்தணி ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தார். கூட்டத்தைக் கண்டு இறங்கி, நடந்ததைக் கேட்டு, மூட்டையை அவிழ்க்கத் தொடங்கினார்.

"பொண்ண ஏத்திகினு போங்க. ஸ்டேஷன்கிட்ட சோடாக்கடையில வண்டிய உட்டுடுங்க. நான் மூட்டையோட இந்த பஸ்ஸுலயே வந்து சேர்றேன்" என்றார். பிறகு உருளையைப் பார்த்து, "இது வந்தா" என்று சேர்த்துக்கொண்டார்.

என் பெரியம்மா பதறினாள். "கல்யாணப் பொண்ணு சைக்கிள் மேல போறதா? பார்க்கறவங்க சிரிக்க மாட்டாங்களா?"

"சிரிக்கட்டும், தாலி ஏறினப்புறம் சிரிக்கட்டும்" என்றாள் அம்மா. தங்கையின் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"நீ இல்லாம எப்படிம்மா?" என்றாள் தங்கை.

"எனக்கு அதுல எங்கடி எடம் இருக்குது? ஏறு."

தந்தையார் காலமாகிவிட்ட குடும்பத்தில் மூத்தவன் நான். பெண்ணைத் தாரை வார்த்துக் கொடுக்கவேண்டியவனும் நானே. ஆகையால் அந்த இரண்டு பேருக்கான வண்டியில் போகவேண்டிய இருவர் யார் என்பதில் வாதத்துக்கு இடமில்லை. என் மனைவியையும் அங்கேயே விட்டுப் புறப்பட்டேன்.

"அண்ணே, சாயறேன்!" என்று தங்கை முதல் பர்லாங்கு முழுவதும் கத்தினாள். பிறகு பழகிக்கொண்டாள். ஒரு கிராமத்து முனையில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்த இருவரில் ஒருவன் எங்களைக் கண்டு, "டேய், பொண்ணத் தூக்கிகினு ஓடறான்டா!" என்று கூவினான். "அது சிரிச்சிகினு இல்ல போவுது!" என்றான் மற்றவன். "எங்க அண்ணன்டா!" என்று இவள் பதிலுக்குக் கூவினாள். அன்று காலை முதல் அப்போதுதான் அவள் சிரித்தாள்.

வழியில் சங்கிலி கழன்றது. இறங்கி விரலால் தூக்கிப் பல்லில் மாட்டி மறுபடி மிதித்தேன். அப்போது ஒன்று எனக்குத் தெளிவாயிற்று. நான் யந்திரத்துக்கு விரோதியல்லன், சைக்கிளும் யந்திரந்தான். ஆனால் அதன் தவறு கண்ணுக்குத் தெரிகிறது, கைக்கு எட்டுகிறது. மூடிக்குள் என்ன நடக்கிறது என்று அறியாமல் நாம் முழுக்கச் சாய்ந்துகொள்ளும் யந்திரமே நம்மை ஏரிக்கரையில் நிறுத்துகிறது.

சைக்கிளைச் சொன்னபடி சோடாக்கடையில் விட்டுவிட்டு மலைப்படி ஏறினோம். கடைசி முகூர்த்தமாதலால் மேலே பல கல்யாணங்கள். மேளங்கள் ஒன்றின்மேல் ஒன்று மோதின. மாப்பிள்ளை மணையில் உட்காராமல் படி முகப்பிலேயே நின்றிருந்தார்.

"பாவா, பஸ் எங்க?" என்று மைத்துனனான என்னைக் கேட்டார்.

"பின்னால வருது."

"அப்ப நீங்க?"

"சைக்கிள்ல."

அவர் என் தங்கையைப் பார்த்தார். அவள் தலையிலிருந்த பூவெல்லாம் வழியில் உதிர்ந்திருந்தது. தம் மாலையிலிருந்து ஒரு சரத்தைப் பிய்த்து அவளிடம் கொடுத்தார்.

ஐயர் அவசரப்படுத்தினார். தம்பதியாக நின்று தாரை வார்க்கவேண்டியவன் தனியே நின்று வார்த்தேன். முகூர்த்தம் கழிவதற்குள் தாலி ஏறிவிட்டது. பெண் வீட்டாரின் பக்கம் அட்சதை போட ஒருவரும் இல்லாததைக் கண்டு, பக்கத்துக் கல்யாணத்துக்கு வந்திருந்த தெலுங்குப் பெண்கள் சிலர் தாமாகவே இந்தப் பக்கம் வந்து நின்று போட்டார்கள்.

வெயில் உச்சிக்கு ஏறிய பிறகு எங்கள் கூட்டம் வந்து சேர்ந்தது. விசிறியை ஆளுக்குச் சிறிது நேரம் சுற்றியதில் எல்லோர் முகத்திலும் கரி. மாமா முன்னால் ஏறி வந்து, "வந்துடுச்சி, பாத்தியா! வந்துடுச்சி இல்ல!" என்றார். அம்மா கடைசியாக வந்தாள். மகளின் கழுத்தைப் பார்த்தாள். கையை நீட்டி, உள்ளங்கையிலிருந்த கரியைக் கண்டு மடக்கிக்கொண்டாள்.

"கட்டும்போது மேளம் நல்லா வாசிச்சாங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

தங்கை அந்தக் கையைப் பிரித்துத் தன் தாலியின்மேல் வைத்துக்கொண்டாள். புது மஞ்சள் சரட்டில் ஒரு கறுத்த விரலடையாளம் விழுந்தது. மறுநாள் மாப்பிள்ளை ரயிலேறியபோதும் அது அப்படியே இருந்தது. யுத்தம் முடிந்து அவர் நல்லபடியாகத் திரும்பி வந்தார். இன்றைக்கும் பஸ் என்ற சொல் காதில் விழுந்தால் என்னைப் பார்த்துச் சிரிப்பார்.

அன்று மாலை நாங்கள் ஊர் திரும்பியதும் அதே கரிவாயு பஸ்ஸில்தான். எங்களுக்கு அதன்மேல் நம்பிக்கை திரும்பிவிட்டது என்று எண்ணவேண்டாம். வேறு வண்டி இல்லை. புதுமைகளில் பலவற்றை ஜனங்கள் ஏற்றுக்கொண்டதாகச் சொல்வதெல்லாம் பெரும்பாலும் இவ்வகைதான்.

பெண்கள் எல்லோரும் புகைக்கு அஞ்சி முன்பக்கம் போய் உட்கார்ந்தார்கள். அம்மா மட்டும் பின்பலகையில், அனல் வீசும் அந்த உருளையை ஒட்டி அமர்ந்தாள்.

"அங்க ஏன்க்கா உக்கார்ற? சுடும்" என்றார் மாமா.

"சுடட்டும். நீ முன்னால போய் உக்காரு" என்றாள் அம்மா. "மடியில இருக்கிற விபூதிப் பொட்டலத்தையும் இப்படிக் குடுத்துட்டுப் போ."