வினாகிரியும் மூடி போட்ட வாளியும்

என் அம்மா குவைத்துக்குப் போனதில் ஒரு போத்தல் வெள்ளை வினாகிரிக்கும், அதாவது புளிக்காடிக்கும், எனக்கும் பங்கு உண்டு. வினாகிரியை நான் எப்போதோ மன்னித்துவிட்டேன்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தம்பிக்கு ஐந்து முடிந்திருந்தது. லிந்துலைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடான லயத்தின் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறையில் இருந்தோம். அம்மா கொழுந்து பறித்தாள். அப்பா கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை பார்த்தார்; மாதம் ஒருமுறை வந்து நன்றாகத் தூங்கிவிட்டுப் போவார். குவைத்தில் வீட்டு வேலை செய்துகொண்டிருந்த பெரியம்மாதான் போனில் குரல் அனுப்பி அம்மாவுக்கு வினாகிரிப் பாடம் நடத்தினாள். அங்கே வீடு துடைக்க, பாத்திரம் கழுவ, தொட்டதற்கெல்லாம் வினாகிரிதானாம். டவுனில் நானாவின் கடைக்கு என்னையும் கூட்டிக்கொண்டு போய் அம்மா ஒரு போத்தல் வாங்கினாள். "அச்சாறு போடவா?" என்று கேட்ட நானாவிடம் அவள் காசை எண்ணிக் கொடுத்தாள்.

அன்றிலிருந்து காம்பரா முழுக்கப் புளித்த வாடை. கேத்தலுக்குள் வருஷக்கணக்காக ஏறியிருந்த தேயிலைக் கறை, பாதி வினாகிரி பாதி தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவைத்துத் தேய்த்ததும் போயே போயிற்று. ஜன்னல் கண்ணாடியைப் பழைய பேப்பரில் வினாகிரி தொட்டுத் துடைத்தோம். மழை மாதத்தில் காயாமல் நாறும் கம்பளிக்கு, அலசும் கடைசித் தண்ணீரில் ஒரு மூடி. சுவரில் பூத்த பூஞ்சணத்துக்குத் தண்ணீர் கலக்காமல் அப்படியே. ஒவ்வொன்றையும் அம்மா ஒருமுறை செய்து காட்டினாள். மறுமுறை என்னைச் செய்யவிட்டுப் பக்கத்தில் நின்று பார்த்தாள். அவளே செய்திருந்தால் பாதி நேரத்தில் முடிந்திருக்கும். எனக்கோ தலைகால் புரியாத சந்தோஷம்.

காரணம் இருந்தது. முந்தின வருஷம் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தர் காம்பரா காம்பராவாகப் பார்த்து, துப்புரவான வீட்டுக்குப் பரிசு கொடுத்திருந்தார். பக்கத்துக் காம்பராவுக்கு மூடி போட்ட நீல வாளி கிடைத்தது. அந்த வாளியைப் பார்த்துப் பார்த்து ஒரு வருஷமாகப் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன்.

"இந்த வருசம் வாளி நமக்குத்தானேம்மா?"

அம்மா துணியை என் கையில் கொடுத்தாள். "சொவத்த நல்லாத் தேயி" என்றாள்.

போத்தலில் மிஞ்சியதைக் கோப்பையில் ஊற்றித் தன் விரல்களை ஊறவைத்தாள். கொழுந்துக் கறை கறுப்பாக ஏறிய விரல்கள். வெடிப்புகளில் பட்டு எரிந்திருக்க வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பரிசு வாங்கும் கை சுத்தமாக இருக்க வேண்டாமா என்று நானும் தேங்காய் நாரால் தேய்த்துவிட்டேன். கறை பாதிதான் போயிற்று.

மறுநாள் டவுனிலிருந்து ஓர் உத்தியோகத்தர் பைலோடு வந்தார். சின்னப் பிள்ளைகளை விட்டு வெளிநாடு போகும் தாய்மாரின் வீட்டைப் பார்த்து, பிள்ளைகளுக்கு ஒரு குறையும் வராது என்று அவர் எழுதிக் கொடுத்தால்தான் அப்போது பயணம். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. நான் கண்டது, வாளி கொடுக்க வந்த ஒரு மிஸ்ஸை. அம்மாவிடம் அவர் கேட்டது எதுவும் என் காதில் ஏறவில்லை. என் கண் அவருடைய பேனாவில் இருந்தது.

ஜன்னலைப் பார்த்தார். கேத்தலைத் திறந்து பார்த்தார்.

"வீடு நல்லா இருக்கே. யாரு, மகள், இதெல்லாம் செய்றது?"

அம்மா வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். தனியாகச் செய்ததாகச் சொன்னால் புள்ளி கூடும் என்று ஒரு நினைப்பு.

"நான்தாங்க மிஸ். தம்பியயும் நான்தாங்க குளிப்பாட்டுவேன். சோறும் ஆக்குவேன்."

அவர் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டு, குனிந்து என் முகத்தைப் பார்த்தார். "அம்மா இல்லாட்டி கஷ்டமா இருக்காதா?"

"அம்மா இல்லாட்டியும் செய்வேங்க!"

அவர் நிமிர்ந்து அம்மாவைப் பார்த்தார். பிறகு பேனாவைத் திறந்து எழுதினார். அம்மா அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டிருந்தால் போதும், அந்த அனுமதிக் கடதாசி நின்றுபோயிருக்கும். அதற்குப் பிறகு நான் அழுததெல்லாம் யாருக்கும் உதவவில்லை. ஒரு ஒப்பந்தம் முடிந்தால் இன்னொன்று என்று அம்மா அங்கேயே இருக்கிறாள். தம்பிக்கு மீசை அரும்பிவிட்டது. போனில் அவளோடு என்ன பேசுவதென்று தெரியாமல் என்னிடம் நீட்டிவிடுகிறான்.

அவள் போன அன்று மத்தியானம் ரோட்டில் வேன் வந்து நின்றது. பெரியம்மாவைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்றுதான் எங்களிடம் சொல்லியிருந்தாள். கொஞ்ச நாளாகக் கொழுந்து தொடாத, என் கன்னத்தைப் பிடித்த விரல்களில் கறையே இல்லை.

"வாளி வந்தா போன்ல காட்டுறேம்மா" என்றேன். தலையை ஆட்டினாள்.

அவள் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அத்தனையும் அவள் இல்லாத வீட்டுக்காக என்று அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்? வேன் வளைவில் மறையும்வரை கையாட்டிவிட்டு, ஓடிப்போய்ச் சுவரைத் தேய்க்க ஆரம்பித்தேன். அந்த மிஸ் மறுபடி வந்து பார்த்தாலும் பார்ப்பார் அல்லவா?