மூன்றாம் பாட்டில் ஒரு சிரிப்பு

பெரிய மார்க்கெட் அருகே கேசட்டுகளை சிடியாக மாற்றித் தருபவர் அவர். வழுக்கைத் தலை. ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்திருப்பார், மற்ற காது வாடிக்கையாளருக்கு. கல்லூரி நாளில் நான் விரும்பிக் கேட்ட எண்பதுகளின் கிளாம் மெட்டல் ராக் கேசட்டை மாற்றக் கொடுத்திருந்தேன். பிள்ளை பெற்றவளுக்கு இதெல்லாம் தேவையா என்ற தயக்கத்தோடு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்ப வாங்கப் போனேன்.

"லிப்ஸ்டிக் போட்டிருக்கற இவங்க எல்லாம் ஆம்பளைங்களாம்மா?" என்றார், அட்டையைப் பார்த்து.

"ஆமாங்க."

"மூணாவது பாட்டு நடுவுல ஒரு பொண்ணு சிரிக்குது. தெரியாம ரெக்கார்ட் பட்டன அமுக்கிட்டாங்க போல. அழிச்சிடவா?"

ஹெட்போனை நீட்டினார். கிடார் சட்டென்று நின்றது. அதில், கல்லூரி விடுதி அறையில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

"யாரும்மா அது?"

"தெரியலைங்க."

என் முகத்தையே பார்த்தார். "அப்ப இருக்கட்டும்மா. அழிக்கல."

அவருக்கு எப்படித் தெரிந்தது? அவரெதிரில் நான் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லையே.