பத்துக் கிலோவுக்குக் கீழே

“எறங்குங்கண்ணே. லோடத்தான் எடை போடணும், உங்கள இல்ல.”

லாரி எடைமேடை அறைக்குள்ளிருந்து பேனா மூடியால் கண்ணாடிச் சன்னலைத் தட்டிக்கொண்டே சொல்கிறார் டன். ஓட்டுநர் முணுமுணுத்துக்கொண்டு இறங்குகிறார். கூட வந்தவரும் இறங்குகிறார். அதோடு விடமாட்டார். அறையைவிட்டு வெளியே வந்து, எடைமேடையின் ஓரத்தில் படுத்திருக்கும் நாயையும் கிளப்புகிறார். லாரியையே தூக்கி நிறுத்தும் அந்த இரும்பு மேடைக்குப் பத்துக் கிலோவுக்குக் கீழே எதுவும் கண்ணில் படாது. பத்து, இருபது, முப்பது என்றுதான் எண் தாவும். நாய் எட்டுக் கிலோ தேறினால் அதிகம். “மெஷினுக்குத் தெரியலன்னா என்ன, எனக்குத் தெரியுதுல்ல” என்கிறார். நாய் அவரை ஒரு பார்வை பார்த்துவிட்டு இரண்டடி தள்ளிப் படுத்துக்கொள்கிறது. இது தினமும் நடக்கிறது. இருவருக்கும் அலுக்கவில்லை.

எல்லோரும் அவரை டன் என்றுதான் கூப்பிடுகிறார்கள். ஓட்டுநர்களுக்கு டன்னண்ணன், கம்பெனிக்காரர்களுக்கு டன் சார். நாற்பத்திரண்டு வயது. அவருடைய சொந்த எடை ஐம்பத்தொரு கிலோ, அதுவும் சாவிக்கொத்தோடு. காற்றடிக்கும் நாளில் சட்டை ஒரு பக்கம் போக, அவர் இன்னொரு பக்கம் நிற்பார். மேடைக்கு எதிரே இருக்கும் சிமெண்ட் கிடங்கில் நான் மேற்பார்வையாளன். அதாவது வேலையை மற்றவர்கள் செய்ய, நான் சன்னல் வழியாக டன்னைப் பார்த்துக்கொண்டிருப்பேன். வீடும் அவர் வீட்டுக்கு அடுத்த வீடுதான். ஆகவே இவரைப் பற்றி எழுத எனக்குள்ள தகுதியை யாரும் சந்தேகிக்க வேண்டாம்.

எந்தக் கடைக்குப் போனாலும் அவருடைய முதல் வாக்கியம் ஒன்றுதான். “மொதல்ல சைபர் காட்டுங்க.” காலித் தட்டில் பூஜ்யம் தெரிந்தால்தான் தக்காளியைத் தொடுவார். தெரிந்த பிறகும் முகத்தில் முழு நம்பிக்கை இருக்காது. ஆட்களையும் விட்டுவைப்பதில்லை. எதிரே வருபவர் வாய் திறக்கும் முன்பே, “எழுபத்திநாலு. செருப்பக் கழட்டுனா எழுபத்திமூணு” என்று சொல்லிவிடுவார். மனைவியின் அக்காவிடம் ஒரு முறை, “போன தடவைக்கு மூணரை கிலோ கூட” என்றார். மரியாதையாகத்தான் சொன்னார். அந்த அக்கா இரண்டு வருடமாக வீட்டுப் பக்கம் வரவில்லை. என் எடையை நான் என் மனைவியிடம்கூடச் சொன்னதில்லை. டன் சொல்லிவிட்டார்.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவர். கழுத்தில் எப்போதும் அளவு நாடா தொங்கும். கல்யாணமாகிப் பதினோரு வருடம் கழித்து வயிற்றில் குழந்தை தங்கியபோது, அந்த வீட்டில் யாரும் சத்தம் போட்டுச் சந்தோஷப்படவில்லை. சத்தம் கேட்டால் கலைந்துவிடுமோ என்பது போல இருவரும் காலைத் தரையில் மெதுவாக வைத்து நடந்தார்கள். ஏழாம் மாதம் ஸ்கேன் பார்த்த டாக்டர் சொன்னார்: “எல்லாம் நல்லா இருக்கு. எடைதான் கொஞ்சம் போதல.”

வேறு எந்தக் குறையைச் சொல்லியிருந்தாலும் மனிதர் தாங்கியிருப்பார்.

அன்று சாயங்காலமே வீட்டுக்கு ஒரு எடை பார்க்கும் மெஷின் வந்தது. தினமும் காலையில் மனைவியை அதில் ஏற்றி நிறுத்தி, எடைமேடைச் சீட்டின் பின்பக்கத்தில் தேதி போட்டு எழுதினார். அந்தச் சீட்டில் மொத்த எடை, காலி எடை, நிகர எடை என்று மூன்று கட்டம் அச்சடித்திருக்கும். பழக்க தோஷத்தில் ஒரு நாள் சீட்டைத் திருப்பி முன்பக்கத்திலேயே எழுதிவிட்டார். மொத்த எடை அறுபத்திரண்டு. அடுத்த கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.

“காலி எடை எழுதாம விட்டுட்டோமே. மொதல்லயே போட்டு வச்சிருக்கணும்” என்றார்.

“ஏங்க, நான் என்ன லாரியா?” என்றார் மனைவி.

உதவிக்கு வந்திருந்த மாமியார் அடுப்படியிலிருந்து, “மாப்ள, அவள நிம்மதியா நிக்க விடுங்க” என்று குரல் கொடுத்தார். மாமியார் பாலும் முட்டையும் பழமுமாக மகளுக்கு ஊட்டிக்கொண்டிருந்தார். அதன் பலன் உடனே தெரிந்தது. மகள் நான்கு கிலோ ஏறினார். அடுத்த ஸ்கேனில் குழந்தை ஏறியிருந்ததோ நூறு கிராமுக்கும் குறைவு. மறுநாள் டன் கிடங்கு வாசலில் வந்து நின்று என்னிடம் ரகசியக் குரலில் முறையிட்டார்: “ஏத்துற லோடெல்லாம் எங்க போகுதுன்னே தெரியல சார்.” நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவர் கையிலிருந்த சாப்பாட்டுப் பையின் அடியில் கனமாக ஏதோ தொங்கியது. என்னவென்று கேட்டேன். அரசு முத்திரை குத்திய ஒரு கிலோ எடைக்கல். “எப்போ வலி வருமோ தெரியாதுல்ல” என்றார். வலிக்கும் எடைக்கல்லுக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தடுத்திருக்கலாம்.

ஒரு திங்கட்கிழமை காலை பத்து மணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. செவிலியர் வெளியே வந்து, “ரெண்டு ஐநூத்தி இருபது” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். இரண்டரைக் கிலோவைத் தாண்டிவிட்டால் மூன்றாம் நாள் வீட்டுக்குப் போகலாம். குறைந்தால் சின்னக் குழந்தைகள் அறையில் வைத்து, இரண்டரை வந்த பிறகுதான் அனுப்புவார்கள். அந்த ஆஸ்பத்திரியின் சட்டம் அது. மாமியார் கன்னத்தில் கண்ணீர் வழிய நாற்காலியில் உட்கார்ந்தார். துணைக்குப் போயிருந்த நான் டன்னின் தோளைத் தட்டினேன். அவரும் ஒரு நிமிடம் எல்லா அப்பாக்களையும் போலத்தான் நின்றார். பிறகு பைக்குள் கைவிட்டார்.

“சிஸ்டர், அந்த மெஷின் கொறச்சுக் காட்டுதோன்னு ஒரு சந்தேகம். இவ்ளோ பாலுக்கு இன்னும் கொஞ்சம் இருக்கணும். மொதல்ல சைபர் காட்டுங்க.”

மகளுக்குச் சேர வேண்டிய கிராம் ஒன்றுகூடக் குறையக் கூடாது என்பதுதான் அவர் எண்ணம். செவிலியர் நல்லவர், காட்டினார். பூஜ்யம் சரியாக இருந்தது. டன் எடைக்கல்லைத் துண்டால் துடைத்துத் தட்டில் வைத்தார். ஆயிரத்து நாற்பது என்று காட்டியது.

அவர் முகம் வெளுத்ததை நான் பார்த்தேன். அந்த இடத்தில் நானோ நீங்களோ இருந்தால் கல்லை எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு, “சரியா இருக்கு சிஸ்டர்” என்றிருப்போம். இருபது வருடமாக நாயைக் கிளப்பி விடுகிற மனிதரால் அது முடியவில்லை. வாய் அவரைக் கேட்காமலே கணக்குப் போட்டது. “கிலோவுக்கு நாப்பது கூடன்னா, ரெண்டரைக்கு நூறு. அப்போ பாப்பா… ரெண்டு நானூத்தி இருபது.” அடுத்த வார்டிலிருந்து வேறு மெஷின் கொண்டுவந்து குழந்தையை வைத்தார்கள். இரண்டு நானூற்று இருபது. குழந்தையைச் சின்னக் குழந்தைகள் அறைக்குக் கொண்டுபோனார்கள்.

“ஏங்க, பொறந்து ஒரு மணி நேரத்துல எம்பொண்ண ஃபெயிலாக்கிட்டீங்களே” என்று மனைவி அழுதார். மாமியார் அன்றிலிருந்து மருமகனோடு பேசுவதை நிறுத்திவிட்டு, அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்லத் தொடங்கினார். “சில பேருக்கு வாய வச்சுக்கிட்டுச் சும்மா இருக்கத் தெரியாது” என்றார் சுவரைப் பார்த்து. சுவர் பதில் சொல்லவில்லை. டன் எடைக்கல்லைத் துண்டில் சுற்றிப் பைக்குள் வைத்தார்.

இதைவிடக் கொடுமை பெரிய டாக்டரின் பாராட்டு. அவர் டன்னின் கையைப் பிடித்துக் குலுக்கி, ஆஸ்பத்திரியில் உள்ள மற்ற மெஷின்களையும் பார்த்துத் தர முடியுமா என்று கேட்டார். மாட்டேன் என்று சொல்ல இவருக்கு எங்கே தெரியும்? எடைக்கல்லோடு வார்டு வார்டாகப் போனார். விஷயம் அதற்குள் பரவிவிட்டது. அவர் தலை தெரிந்ததும் மற்ற அப்பாக்கள் தங்கள் குழந்தைகளைத் துண்டால் இழுத்து மூடிக்கொண்டார்கள். ஒருவர் குழந்தையைத் தூக்கிக்கொண்டு மாடிப்படியே ஏறிவிட்டார்.

மறுநாள் குழந்தை இரண்டு முந்நூற்று அறுபது. அதற்கு மறுநாள் இரண்டு முந்நூற்றுப் பத்து. ஏற்றிய சரக்கு வழியில் எடை குறைந்தால் அதற்கு எடைமேடையில் ஒரே அர்த்தம்தான், யாரோ இறக்கிவிட்டார்கள். டன் அந்த அறையின் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு காவல் நின்றார். செவிலியர் பொறுமையாகச் சொன்னார்: “சார், எல்லாப் பிள்ளையும் பொறந்ததும் கொஞ்சம் எறங்கும், அப்புறம்தான் ஏறும். பயப்படாதீங்க.” அவர் தலையாட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

அன்று மத்தியானம் மேடையில் ஒரு மணல் லாரி நின்றுகொண்டிருந்தது. ஓட்டுநர் தானாகவே இறங்கி நின்றார். உள்ளிருந்து யாரும் சன்னலைத் தட்டவில்லை. நான் போய்ப் பார்த்தபோது டன் மேசையில் கைகளைப் பரப்பி வைத்துக்கொண்டு எண்ணைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். “நான் அந்தக் கல்ல வெளிய எடுக்காம இருந்திருந்தா, இந்நேரம் அவ வீட்ல தூங்கிட்டிருப்பா சார். பதினோரு வருஷம் காத்திருந்தவ சார் அவங்கம்மா. ஒரு ராத்திரிகூட பக்கத்துல போட்டுத் தூங்க விடல நான்.” எனக்கும் அதேதான் தோன்றியிருந்தது. அதற்காக வெட்கப்பட்டேன். இல்லை டன், நீங்க செஞ்சதுதான் சரி என்று சொன்னேன். சரியாக இருப்பதால் என்ன பிரயோஜனம் என்று அவர் கேட்டுவிடுவாரோ என்று பயந்தேன். நல்லவேளை, அடுத்த லாரி ஹாரன் அடித்தது.

பிறகு ஏறத் தொடங்கியது. ஒரு நாள் இருபது கிராம், ஒரு நாள் பதினைந்து, ஒரு நாள் முப்பது. டன்கணக்கில் பேசிய மனிதர் கிராம்கணக்கில் பேசக் கற்றுக்கொண்டார். காலையில் கிடங்கைத் தாண்டும்போது விரல்களைக் காட்டுவார். இரண்டு விரல் என்றால் இருபது. மூன்று விரல் காட்டிய அன்று, நாய் மேடையின் நடுவிலேயே படுத்திருந்ததை அவர் கவனிக்கவில்லை. மனைவி பகலெல்லாம் ஆஸ்பத்திரி நாற்காலியிலேயே இருந்தார். கண்ணுக்குக் கீழே கறுத்துவிட்டது. “நாளைக்கு வந்துரும், நாளைக்கு வந்துரும்” என்று சொல்லிச் சொல்லி, கடைசியில் அதைச் சொல்வதையும் நிறுத்திவிட்டார்.

பன்னிரண்டாம் நாள் காலை கிடங்கு வேனை எடுத்துக்கொண்டு நானும் போனேன். அன்றைக்கே விடுவார்கள் என்ற நம்பிக்கை. அதோடு இன்னொரு அவசரமும் இருந்தது. பெரிய டாக்டர் மத்தியானம் கிளம்பினால் ஐந்து நாள் ஊரில் இருக்கமாட்டார். அவர் கையெழுத்து இல்லாமல் குழந்தை வெளியே வராது. மாமியார் துணிமணிகளை மூட்டை கட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி புது வெள்ளைச் சட்டை ஒன்றைக் கையில் வைத்திருந்தார். அவரே தைத்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடும்.

முதல் நாள் இருந்த அதே செவிலியர். மெஷின் புதிது, டன் பார்த்துச் சரி என்று சொன்னது. செவிலியர் காலித் தட்டைக் காட்டிவிட்டுக் குழந்தையைத் துணியில்லாமல் அதில் படுக்கவைத்தார். குழந்தை காலை உதறியது. எண் ஓடி, தடுமாறி, நின்றது.

இரண்டு நானூற்றுத் தொண்ணூறு.

மாமியாரின் மடியிலிருந்து மூட்டை மெதுவாகத் தரைக்கு இறங்கியது.

“பத்து கிராம்தானே சிஸ்டர்?” என்றார் மனைவி.

“எனக்குப் புரியுதும்மா. ஆனா நோட்டுல நானூத்தித் தொண்ணூறுன்னு எழுதினா டாக்டர் கையெழுத்துப் போடமாட்டாரு. நாம கரெக்டா இருக்கணும்னு சார்தானே சொல்லிக் குடுத்தாரு?” என்றார் செவிலியர். குத்திக்காட்டுவதற்காகச் சொல்லவில்லை. ஆனாலும் குத்தியது.

எல்லோரும் டன்னைப் பார்த்தோம். அவர் குழந்தையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தச் சின்னச் சட்டையை மனைவியின் கையிலிருந்து எடுத்து, தயாராக வைத்துக்கொள்பவர் போல மெஷின் பக்கத்தில் வந்து நின்றார். சட்டை இடது கையில் இருந்தது. வலது கையைத் தட்டின் ஓரமாகக் கொண்டுபோய், சுண்டுவிரல் நுனியை விளிம்பின் மேல் வைத்தார். எண் ஒரு முறை அசைந்தது. இரண்டு ஐந்நூறு.

செவிலியர் விரலைப் பார்த்தார். எண்ணைப் பார்த்தார். நோட்டைத் திறந்து எழுதத் தொடங்கினார்.

அவர் எழுதி முடிக்கும்வரை அந்த விரல் நகரவில்லை.